பாசித் தண்ணீர்

மூன்றாவது கேனிலும் ஊற்றினாள்.

ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தவில்லை. அது இவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் எல்லோரும் பூசைக்குப் போயிருந்தார்கள். தலைவலி என்று சொல்லி இவள் மட்டும் தங்கிவிட்டாள். கீழ்வீட்டுச் சாவியை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போனதே ஜெசிந்தாதான். கொழுந்தன் பெண்டாட்டி. குஞ்சுகளை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

எட்டித்தான் பார்த்தாள்.

தொட்டிக்குள், அழகுக்கு வளர்க்கும் கோமாளி மீனின் குஞ்சுகள். பிறந்து நான்கு நாள். ஒவ்வொன்றும் கண்ணிமை முடியைவிடச் சின்னது. முந்நூறுக்குக் குறையாது. ஒன்றுகூடச் செத்து அடியில் கிடக்கவில்லை.

இவளுக்குப் பொறுக்கவில்லை.

மண்டபம் ஊரில் உள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வந்தவள் இவள். புருஷனோடு மல்லுக்கட்டி மாடியறையில் தொட்டி போட்டவள் இவள். மூன்று வருஷம். எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு! ஐந்தாம் நாள் விடிந்தால் அத்தனையும் வெள்ளைத் தூளாய் அடியில் கிடக்கும். போன மாதமும் அப்படித்தான். ஜெசிந்தா என்ன பெரிதாகச் செய்துவிட்டாள்? இவள் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அவ்வளவுதான். முதல் தடவையிலேயே பிழைத்துக் கிடக்கிறது.

இவள் புருஷன் வேலை விட்டு வந்தால் இப்போதெல்லாம் நேரே மாடிக்கு வருவதில்லை. கீழ்வீட்டுத் தொட்டி முன்னால் போய் நிற்கிறான். ஜெசிந்தாவுக்குக் கைராசி என்கிறான். மூன்று வருஷத்தில் இவள் கையைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? கேட்டால் சிரிப்பான்.

குஞ்சின் வாய் ஊசிமுனை. அதற்குள் நுழைவது ரோட்டிஃபர் என்ற பொடிப்பூச்சி ஒன்றுதான். அந்தப் பூச்சிக்குத் தீனி பாசித் தண்ணீர். கேன் கேனாக ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வளர்க்க வேண்டும். பூச்சித் தொட்டியில் முக்கி எடுத்த குவளையைப் பாசிக் கேனில் முக்கவே கூடாது. உள்ளே போன பூச்சி பெருகிப் பெருகிப் பாசியைத் தின்று தீர்த்துவிடும். ஜெசிந்தாவுக்கு இவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். அவளும் பாசிக்குச் சிவப்புக் குவளை, பூச்சிக்கு நீலக் குவளை என்று தனித்தனி ஆணியில் மாட்டி வைத்திருந்தாள்.

இவள் நீலக் குவளையில் பூச்சித் தண்ணீரை மொண்டாள். மூன்று கேனுக்கும் பங்கு வைத்தாள்.

பிறகு குவளையை அதன் ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தாள்.


புதன்கிழமை கேன்கள் வெளுத்தன.

வியாழக்கிழமை பார்த்தால் எல்லாம் குடிதண்ணீர் போல இருந்தது. தீனி இல்லாமல் பூச்சித் தொட்டியும் படுத்துவிட்டது.

கொழுந்தன் கத்துவது மாடிவரை கேட்டது. குவளையை மாற்றி முக்கியிருப்பாய், புத்தி எங்கே போயிருந்தது என்றான். ஜெசிந்தா இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருக்கும், ஞாபகமில்லாமல் செய்திருப்பேன் என்று அழுதாள்.

இவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடி.

ஜெசிந்தா ஒரு வாளியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு ஏறி வந்தாள். வலை பட்டால் குஞ்சு செத்துவிடும் என்று கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீரோடு மொண்டிருக்கிறாள். உயிரோடு மிஞ்சியது அத்தனையும் வாளிக்குள் இருந்தது. மாடியில் பாசியும் இருக்கிறது, பூச்சியும் இருக்கிறது, இனி இதுகளை அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்றாள். யாரிடம் இருந்தால் என்ன, பிழைத்தால் போதுமாம்.

இவள் வெங்காயக் கையைப் புடவையில் துடைத்தாள். வாளியை வாங்கிக்கொண்டாள்.


குஞ்சுகள் தின்றன. பத்தாம் நாளும் தாண்டியது.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு குஞ்சின் தலைக்குப் பின்னால் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. நூல் அளவுதான். குஞ்சு பிழைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மூன்று வருஷமாக இவள் படத்தில் மட்டும் பார்த்த கோடு.

புருஷன் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். என்ன இருந்தாலும் உன் கை உன் கைதான் என்றான். சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிவரப் படியிறங்கி ஓடினான்.

இந்த வார்த்தைக்குத்தான் இவள் ஏங்கிக் கிடந்தாள். கிடைத்தபோது ஜெசிந்தா தூக்கி வந்த வாளிதான் கண்ணில் நின்றது.

ஜெசிந்தாவும் வந்தாள். வெளிக்குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்று, எக்கி எக்கி அந்தக் கோட்டைத் தேடினாள். கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அது பொய்ச்சிரிப்பாக இருந்துவிடக் கூடாதா என்று இவள் உற்றுப் பார்த்தாள். துளிப் பொய் இல்லை.

இரை போடும் நேரம் ஆகியிருந்தது. இவள் குவளையில் பூச்சித் தண்ணீரை மொண்டு, ஜெசிந்தாவிடம் நீட்டினாள்.

ஜெசிந்தா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாங்க்கா. என் கை பட்டா என்ன ஆகும்னுதான் பாத்தாச்சுல்லா. நீங்களே ஊத்துங்க."

கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. ஆட்கள் படியேறத் தொடங்கிவிட்டார்கள். புருஷன் குரல் எல்லோருக்கும் முன்னால் வந்தது.

இவள் குவளையைக் கீழே வைத்தாள். ஜெசிந்தாவின் ஈரக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அவர்கள் மேலே வந்து சேர்வதற்குள் அந்த நீலக் குவளையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.