பொய்மானி ரிப்பேர்

பத்மலோசனி வீட்டுச் சுவரில் பொய்மானி மாட்டி ஒரு வருடம் ஆகிறது. உண்மை சொன்னால் பச்சை எரியும், பொய் சொன்னால் சிவப்பு.

ஆறு வாரமாகத் தினமும் காலையில் அவளுடைய எட்டு வயது மகள் மகிழினி, "முட்டிய மடக்க முடியலம்மா" என்பாள். பச்சை எரியும். ஸ்கூல் பஸ் போய் ஒரு மணி நேரத்தில் அதே பெண் மாடிப்படியில் குதித்துக்கொண்டிருப்பாள். மிஷின்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிய பத்மலோசனி, இன்று விடிந்ததும் மெக்கானிக் ஜெபராஜை வரவழைத்தாள்.

"டெஸ்ட் பண்ணணும். ஏதாச்சும் சொல்லுங்க மேடம்."

"எனக்கு முப்பத்திரண்டு வயசு."

சிவப்பு.

"வேற சொல்லுங்க."

"பக்கத்து வீட்டுச் சண்டைய நான் ஒட்டுக்கேட்டதே இல்ல."

சிவப்போடு அலாரமும் அடித்தது.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு மேடம்" என்று ஜெபராஜ் பையைக் கட்டினான்.

பத்மலோசனிக்கு முகம் செத்துவிட்டது. மகளை உட்காரவைத்து, முதல் முறையாக அந்த முட்டியைத் தொட்டாள். பன் மாதிரி வீங்கி, சுட்டது.

"தினமுமாடி இப்படி?"

"ஆமா. நடக்க நடக்க கொஞ்சம் விட்டுடும்."

விளக்கு என்ன நிறத்தில் எரிந்தது என்று பத்மலோசனி திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தைகளுக்கான மூட்டுவாத டாக்டருக்கு போன் போட்டுக்கொண்டிருந்தாள்.