குப்பைத் தொட்டிப் பக்கத்து பெஞ்சு

"நைஜல்! வெளியே!"

நைஜல் தன் மின்சிகரெட்டை, அதாவது வேப்பை, வாயருகே கொண்டுபோனதுதான் தாமதம், கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து கிளென்டாவின் குரல் பாய்ந்து வந்தது. பப்பில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

"நான் ஊதவே இல்லையே! சும்மா கையில வெச்சிருந்தேன்."

"கையில வெச்சவனுக்கு வாயில வெக்க எவ்வளவு நேரம் ஆகும்? பின்னாடி குப்பைத் தொட்டி பக்கத்துல பெஞ்சு இருக்கு. அங்க போய் ஊது."

"உள்ள வேப் ஊதக் கூடாதுன்னு சட்டமே கிடையாது, தெரியுமா? அது கடைக்காரங்க இஷ்டம்."

"கடைக்காரி நான். என் இஷ்டம், குப்பைத் தொட்டி."

"மழை தூறுது, கிளென்டா."

"யார்க்‌ஷயர்ல மழை தூறாம வேற என்ன பண்ணும்? கிளம்பு கண்ணு!"

எல்லோரும் சிரித்தார்கள். நைஜலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் நின்று ஊதினால் "வர்றவங்க மூஞ்சியில அடிக்குது" என்பாள். தோட்டத்துக் குடைக்கு அடியில் நின்றால் "அங்க சாப்பிடறாங்க" என்பாள். மற்ற பப்களில் கண்டும் காணாமல் விடுகிறார்கள். வீட்டில் சோபாவில் படுத்துக்கொண்டு ஊதினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. காசு கொடுத்து பீர் குடிக்கிற இடத்தில் இந்தப் பாடு!

பெஞ்சில் வழக்கம்போல வில்ஃப் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். மனைவி இறந்த பிறகு அவர் பப்புக்குள் உட்காருவதே இல்லை. பீரை வாங்கிக்கொண்டு நேராக இங்கே வந்துவிடுவார். சிகரெட், வேப் எதுவும் கிடையாது.

"துரத்திட்டாளா?" என்றார், நகர்ந்து இடம் விட்டபடி.

"துரத்திட்டா. ராட்சசி!"

"இன்னைக்கு என்ன வாசனை?"

"தர்பூசணி."

"நேத்து ஸ்ட்ராபெர்ரி. மொத்தப் பழக்கடையையும் ஊதித் தள்ளிடுவே போல."

நைஜலுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து கிளென்டாவைத் திட்டினார்கள். மழையைத் திட்டினார்கள். ஊர் கால்பந்து அணியின் கோல்கீப்பரை விலாவாரியாகத் திட்டினார்கள். துணைக்கு ஆள் இருந்தால் திட்டுவதில் நேரம் போவதே தெரியாது.

அவன் உள்ளே திரும்பியபோது பப்பில் வாராவாரம் நடக்கும் வினாடி வினா முடிந்திருந்தது. அவனுடைய குழு கடைசி இடம். கணப்புப் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியிலும் வேறு யாரோ.

பொறுத்தது போதும் என்று முடிவு கட்டினான். மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தான். ஒன்று, ரூல் மாறவேண்டும். இல்லையென்றால் தன்னோடு அம்பெறிந்து விளையாடும் டார்ட்ஸ் குழு மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு எதிர் பப்புக்குப் போய்விடுவது.

கவுன்ட்டருக்குப் பின்னால் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. நடுவில் கிளென்டா. கையில் வேப்.

"அடிப்பாவி!"

அவள் மறைக்கக்கூட இல்லை. "புதினா. ஒரு இழுப்பு வேணுமா?"

"எங்களை மழையில நனைய விட்டுட்டு நீ உள்ள உட்கார்ந்து ஊதறியா? இரு, ஊரெல்லாம் சொல்றேன். டார்ட்ஸ் குழுவோட எதிர் பப்புக்குப் போறேன்!"

"தாராளமா போ. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. வில்ஃபோட பெண்டாட்டி செத்தப்ப அவர் வீட்டுக்குப் போனியா?"

நைஜல் திகைத்தான். "அனுதாபக் கார்டு அனுப்பினேனே."

"அலமாரி நிறைய கார்டு வந்துது. ஒரு ஆள் வரல. கேட்டா, துக்கத்துல இருக்கறவரைத் தொந்தரவு பண்ணக் கூடாதாம்! அவர் இங்க வந்தா எல்லாரும் 'ரொம்ப வருத்தம்'னு முணுமுணுத்துட்டு அவங்கவங்க பீரையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. மனுஷன் எழுந்து வெளிய போய் உட்கார்ந்துட்டார். 'போய் அவர்கிட்ட நாலு வார்த்தை பேசு'ன்னு நான் சொல்லியிருந்தா போயிருப்பியா?"

நைஜல் யோசித்தான். போயிருக்க மாட்டான். என்ன பேசுவது என்று தெரியாமல் கூசிப்போய் வேறு பக்கம் நழுவியிருப்பான்.

"ஊதறதுக்குத் துரத்தினா மட்டும் போறே. என்னைத் திட்டறதுக்காவது ரெண்டு பேருக்கும் வாய் திறக்குது. போகட்டும், என்னைத் திட்டிக்கோ."

நைஜலுக்குத் தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. ஒரு பீரை வாங்கிக்கொண்டு, வேப்பைத் தொடாமலே பின்கதவைத் திறந்தான். வில்ஃப் அதற்குள் பின்வழியாக வந்து உட்கார்ந்திருந்தார். தூறல் நின்றபாடில்லை.

"வாங்க வில்ஃப், உள்ள போகலாம். கணப்புப் பக்கத்துல உட்காரலாம். நான் கூடவே இருக்கேன், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வில்ஃபின் முகம் மலர்ந்தது. "நிஜமாவா தம்பி? முட்டி ரெண்டும் குளிர்ல உயிர் போகுது. எப்பவோ உள்ள போயிருப்பேன்."

"பின்னே ஏன் போகல?"

அவர் பின்கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கிளென்டாதான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டா. 'பெண்டாட்டி விட்டுட்டுப் போனதிலேர்ந்து நைஜலுக்குப் பேச ஒரு நாதியில்ல, வேப் ஊத வர்றப்ப நீங்க கொஞ்சம் பேச்சுத்துணைக்கு இருங்க'ன்னு."