அழாததற்குப் பரிசு

தோசைக்கல்லில் கையைச் சுட்டுக்கொண்ட என் தம்பி நிலவன் அழவில்லை. பேச்சு வராத அவன், வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கும் அட்டைப் புத்தகத்தை எடுக்க ஓடினான். அவன் அழுதால் நான் திரும்பிப் பார்க்கக் கூடாது, அட்டையைக் காட்டினால்தான் எதையும் தர வேண்டும் என்று சுவரில் இருக்கும் பயிற்சி இயந்திரம் எட்டு மாதமாக எங்கள் இருவரையும் பழக்கியிருந்தது. தண்ணீருக்கு, சாப்பாட்டுக்கு, கழிவறைக்கு அட்டை உண்டு. வலிக்கு இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருந்தான்.

“வலிக்கு ஒரு அட்டை போடுன்னு எத்தனை தடவ கேட்டேன்?” அவன் கையைக் குழாயில் பிடித்தபடி சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

“கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. நிலவன் அழவில்லை, சபாஷ்!” என்று சொல்லிவிட்டு, அவனுக்கு உயிரான ரயில் சத்தத்தைப் பரிசாகப் போட்டது அது.

நிலவன் சிரித்தான். கையை உருவிக்கொண்டு மறுபடியும் அடுப்புக்குப் போனான்.