கையெழுத்துக்கு நன்றி

ஓய்வுபெற்ற கால்பந்து வீரர் ஹார்லனுக்குத் தன் பெயரே மறந்து இரண்டு வருடமாகிறது. கையெழுத்துக் கேட்டு ரசிகர்கள் தபாலில் அனுப்பும் அவருடைய படக் கார்டுகளை, "மன்னிக்கவும், அவரால் எழுத முடியாது" என்ற சீட்டோடு மனைவி வெர்னாதான் அப்படியே திருப்பி அனுப்புவாள். உறையை ஒட்டுவதும் அவளே.

செவ்வாய் மதியம் ஐயோவா மாநிலத்திலிருந்து ஒரு ரசிகர் கையெழுத்துக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார். கார்டின் நகலையும் வைத்திருந்தார். அதில் ஹார்லனின் பழைய, நடுக்கமில்லாத கையெழுத்து இருந்தது. அதன்கீழ் ஒரு வரி: 'வந்துகொண்டிருக்கிறேன். வாசல் விளக்கைப் போட்டுவைக்கும்படி வெர்னாவிடம் சொல்லுங்கள்.'

வெர்னா மூன்று முறை படித்தாள். பிறகு எழுந்துபோய், அந்த வெயிலில் வாசல் விளக்கைப் போட்டாள்.

"யாரும்மா வர்றாங்க?" என்று நாற்காலியிலிருந்து ஹார்லன் கேட்டார்.

"என் வீட்டுக்காரரு."

"அப்ப நான் கிளம்பணுமே," என்று அவர் பதறி எழுந்து செருப்பைத் தேடினார்.