ஒன்றாம் எண் நோயாளி

"எனக்க நெஞ்சில ஓடுற கோடு, இப்ப சென்னையில பெரிய டாக்டர் முன்னால போய் நிக்கும். பாத்துக்கிடுங்க" என்றார் திட்ட அதிகாரி ஜெயசிங், சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தபடி.

ராஜாக்கமங்கலம் பக்கத்தில் ஒரு கடலோர ஆரம்ப சுகாதார நிலையம். அன்று அங்கே கணினி இ.சி.ஜி. திறப்பு விழா. மாவட்டத்தின் ஒன்றாம் எண் நோயாளி தானே என்று ஜெயசிங் முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார். ஒத்திகைக்குக்கூட வேறு பெயர் கணினியில் ஏறக் கூடாது என்பதும் உத்தரவு.

காலையிலிருந்து செத்துக் கிடந்த இன்டர்நெட் அப்போதுதான் உயிர் பெற்றிருந்தது. நர்ஸ் ஷெர்லி பட்டனை அழுத்தினாள். டாக்டர் ராகேல் படத்தை எட்டிப் பார்க்க வந்தார். அது சென்னையின் வேலை என்று ஜெயசிங் படுத்தவாறே தடுத்துவிட்டார்.

சென்னையிலிருந்து பதில் வந்தது. கடுமையான மாரடைப்பு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும்.

அதுவரை இல்லாத வலி ஜெயசிங்குக்கு அந்த நொடியில் வந்தது.

ஆம்புலன்ஸ் டிரைவர் மரியஜான் ஒற்றை ஆளாக ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வண்டியில் ஏற்றினார். காலையில் தின்ற மரச்சீனிக் கிழங்கு நெஞ்சிலேயே கிடக்கிறது என்று முனகினார். ஷெர்லிக்கு அதைக் கேட்க நேரமில்லை.

வண்டி நாகர்கோவிலை நோக்கிப் பறந்தது. ஜெயசிங் அவள் கையை விடவில்லை. இனி யாரையும் தூரத்துக்கு மாற்ற மாட்டேன் என்றார். ஷெர்லி ஒரு வருஷமாகக் கேட்ட தக்கலை மாறுதலை உடனே தருவதாகச் சொன்னார். அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தார். அவருடைய புராட்டஸ்டன்ட் சபையில் அந்தோணியாரே கிடையாது.

"மக்களே ஷெர்லி, நான் இருப்பேனா?"

"பேசாம கிடங்க சார். மரியஜானண்ணே, ஆக்சிலேட்டர இன்னும் சவுட்டுங்க."

வண்டி துள்ளியது. அவள் போன் அடித்தது. ராகேல்.

"ஷெர்லி, சாருக்க படம் இப்பதான் சென்னைக்குப் போய்ச் சேந்துது. அவருக்கு ஒண்ணுமில்ல, கல்லு மாதிரி இருக்காரு. மொதல்ல போனது நீ காலையில ஒத்திகைக்கு எடுத்த படம். நெட் இல்லாம உள்ளேயே கிடந்திருக்கு, அவரு பேருல. அது யாருக்க நெஞ்சு?"

ஷெர்லி முன்பக்கம் திரும்பினாள்.

காலையில் கட்டிலில் படுக்க வேறு ஆள் கிடைக்காமல் அவள் கூப்பிட்டது மரியஜானைத்தான். முன் இருக்கையில் அவர் ஒரு கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டு, சிஸ்டர் சொன்னபடியே வண்டியை இன்னும் விரட்டிக்கொண்டிருந்தார்.