மை படாத அடிகளார்

ஊசிமலை அடிகளாரின் நூற்றாண்டுக்கு வெளியிட்ட தபால்தலை அது. படத்துக்குக் கீழே ‘பிறர் பொருளைத் தொடாதே’ என்று அவருடைய வாக்கை அச்சடித்திருந்தார்கள். ஓர் உறையின் மூலையில், ஒரு மயில் தபால்தலைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அது தபாலாபீசுக்கு வந்தது.

முத்திரை மயிலின் மூஞ்சியிலேயே ஓங்கிக் குத்தியது. அடிகளாரைப் பார்த்ததும் பதறிப்போய், “சாமி மேல மை பூசற பாவம் எனக்கு வேண்டாம்” என்று பக்கத்தில் வெறும் உறைமேல் குத்தியது.

“பார்த்தியா, மரியாதைன்னா இதுதான்” என்றது அடிகளார் தபால்தலை. மயில் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, அப்பிய மையை உதறப் பார்த்தது.

கடிதம் போன வீட்டில் உறையைத் தண்ணீரில் ஊறப்போட்டார்கள். மை பட்ட மயில் குப்பைக்குப் போனது. அடிகளாரை உரித்துக் காயவைத்து, காசு மிச்சமென்று இன்னோர் உறையில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி அனுப்பினார்கள். அடுத்த வீட்டிலும் அப்படியே. எந்த ஊர் முத்திரைக்கும் பக்தி குறைவாக இல்லை. கீழே இருந்த வாக்கை மறைத்துக்கொள்ள அடிகளார் தலைக்குக் கையும் இல்லை.

ஊர் ஊராகச் சுற்றி, ஓரமெல்லாம் கிழிந்து, அது பழைய முத்திரையிடமே வந்து சேர்ந்தது.

“புண்ணியமாப் போகும், இந்தத் தடவை என் மூஞ்சியிலேயே குத்திடுப்பா” என்று கெஞ்சியது.

முத்திரை உருகிப்போனது. “இந்த அடக்கம் வேற யாருக்கு வரும் சாமி!” என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் தள்ளிக் குத்தியது.