அல் குசைஸில் கெட்டிஸ்பர்க்

“சுட்டுத் தள்ளுங்க!” என்று குரல் வந்ததும் சாம்பல் சட்டை போட்ட சோலையப்பன் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்த்தான். எதிரே நீலச் சட்டைக்காரர்கள் சரிந்தார்கள். அதில் ஒருவன் சிரித்துக்கொண்டே செத்தான்.

துப்பாக்கி வெறும் மரக்கட்டை. போர்க்களம் துபாயில் அல் குசைஸ் லேபர் கேம்ப்புக்குப் பின்னால் கிடந்த பொட்டல். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காக்காரர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு செத்த கெட்டிஸ்பர்க் சண்டையை, கம்பெனியின் அமெரிக்க மேனேஜர் வீடியோ எடுக்கிறாராம். நடிப்பவர்களுக்கு அன்றைக்கு டூட்டி கிடையாது, பிரியாணி உண்டு. கம்பெனிக்குத் திடீரென்று பிறந்த கருணையை யாரும் சந்தேகப்படவில்லை.

போன வாரம்தான் நல்ல குடிதண்ணீர் கேட்டு ஒருநாள் முழுக்க யாரும் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை. தூண்டிவிட்டது யார் என்று ஆபீஸில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மிரட்டியும் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. தூண்டிவிட்டது சோலையப்பன்தான். தெரிந்தால் விசா கேன்சல். மகள் பானுப்பிரியாவின் நர்சிங் படிப்பு அந்தரத்தில் நிற்கும். பிரியாணி வரைக்கும் இறங்கி வந்துவிட்டார்களே, இனி பயமில்லை என்று அவன் நெஞ்சு லேசாகியிருந்தது.

கேம்ப் பாஸ் செல்வசிங் அடுத்த காட்சியை விளக்கினார். “சாம்பல் சட்டைக்கு சுரேஷ்குமார்தான் கேப்டன். பாதி வழியில குண்டு பட்டு விழுந்துருவான்.”

“அப்புறம் யாருண்ணே கேப்டன்?”

“அதச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு மேனேஜர். ஒங்களுக்கு என்ன தோணுதோ செய்யுங்கடே.”

சுரேஷ்குமார் கொடியோடு விழுந்தான். ஓடி வந்த கூட்டம் அப்படியே நின்றது. அத்தனை தலையும், பழக்க தோஷத்தில், சோலையப்பன் பக்கம் திரும்பியது.

அவன் தயங்கினான். விளையாட்டுதானே என்று கொடியை எடுத்து, “யல்லா, வாங்கடா!” என்று கத்தினான். கூட்டம் புழுதி கிளப்பிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. செத்துக் கிடந்த நீலச் சட்டைகள்கூட எழுந்து அவன் பின்னாலேயே ஓடின. துபாய்க்கு வந்த நாளிலிருந்து அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு செல்வசிங்கைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

செல்வசிங் தலையைக் குனிந்தபடி வந்தார். “ரூமுக்குப் போயி பெட்டியக் கட்டு, சோலையப்பா.”

“எதுக்குண்ணே? நல்லாத்தானே நடிச்சேன்?”

“எவ்வளவு மிரட்டியும் ஒருத்தனும் உன் பேரச் சொல்லல, இப்ப எல்லாவனும் உன் பின்னால ஓடியே காட்டிட்டானுவளேடே!”